ஆட்குறைப்பும் ஆள் பற்றாக்குறையும்: ஐ.டி. வேலைக்குப் புதிதாக வருபவரிடம் என்ன எதிர்பார்க்கிறார்கள்?

ஒரு பக்கம் "ஐ.டி. நிறுவனத்தில் ஆயிரக்கணக்கானோர் வேலையிழப்பு" என்று செய்தி வருகிறது. இன்னொரு பக்கம் "தகுதியான ஆட்கள் கிடைக்காமல் நிறுவனங்கள் திண்டாட்டம்" என்று செய்தி வருகிறது. மூன்றாம் ஆண்டு படிக்கிற பிள்ளையும், கல்விக் கடன் வாங்கிப் படிக்கவைக்கிற பெற்றோரும் இதில் எதை நம்புவது என்று குழம்பிப் போகிறார்கள். குழப்பத்தில் பலர் செய்வது ஒன்றுதான்: இன்னும் ஒரு கோர்ஸ், இன்னும் ஒரு சான்றிதழ்.

இரண்டு செய்தியும் உண்மை. எப்படி இரண்டும் ஒரே சமயத்தில் உண்மையாக இருக்க முடியும் என்பது புரிந்துவிட்டால், என்ன படிக்க வேண்டும் என்ற கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிடும். அதற்கு முதலில் இந்த நிறுவனங்கள் எப்படிச் சம்பாதிக்கின்றன என்று பார்க்க வேண்டும்.

## மூன்று வகை நிறுவனங்கள்

நம் ஊரில் 'ஐ.டி. கம்பெனி' என்று ஒரே பெயரில் சொன்னாலும் உள்ளே மூன்று வகை இருக்கிறது.

1. சர்வீஸ் நிறுவனங்கள். டி.சி.எஸ்., இன்ஃபோசிஸ், விப்ரோ, எச்.சி.எல்., காக்னிசன்ட் போன்றவை. வெளிநாட்டு வங்கிக்கோ காப்பீட்டு நிறுவனத்துக்கோ மென்பொருள் வேலையைச் செய்துகொடுத்துக் கட்டணம் வாங்குகின்றன. கல்லூரி வளாகங்களுக்கு வந்து மொத்தமாக ஆள் எடுப்பவை பெரும்பாலும் இவைதான்.

2. பிராடக்ட் நிறுவனங்கள். சொந்தமாக மென்பொருள் செய்து விற்பவை. சோஹோ, சென்னையில் 2010-இல் தொடங்கி 2021-இல் அமெரிக்காவின் நாஸ்டாக் சந்தையில் பட்டியலான ஃப்ரெஷ்வொர்க்ஸ் ஆகியவை நமக்குத் தெரிந்த உதாரணங்கள். எடுக்கும் ஆட்கள் குறைவு, தேர்வு கடினம்.

3. ஜி.சி.சி. வெளிநாட்டு நிறுவனங்கள் தங்கள் சொந்த வேலைக்காக இங்கே நடத்தும் மையங்கள். சென்னையில் ஃபோர்டு, ஸ்டாண்டர்ட் சார்ட்டர்ட், ஆஸ்ட்ராஜெனெகா என்று பல இருக்கின்றன. 2024-இல் ஐ.டி. நிறுவனங்களின் சங்கமான நாஸ்காம் வெளியிட்ட கணக்குப்படி இந்தியா முழுக்க 1,700-க்கு மேற்பட்ட மையங்களில் சுமார் 19 லட்சம் பேர் வேலை செய்கிறார்கள். ஆனால் இவை முதலில் தேடுவது அனுபவம் உள்ளவர்களை. புதியவர்கள் பெரும்பாலும் இன்டர்ன்ஷிப் வழியாகத்தான் நுழைகிறார்கள்.

சர்வீஸ் நிறுவனத்தின் கணக்கு இப்படி ஓடும். வாடிக்கையாளர் ஒரு வேலைக்குப் பணம் தருகிறார். அந்த வேலைக்கு ஒரு அணி போடப்படுகிறது: மேலே அனுபவம் உள்ளவர் ஒருவர் இருவர், கீழே இளையவர்கள் பலர். இளையவரின் சம்பளம் குறைவு. அவரைக் காட்டி வாடிக்கையாளரிடம் வாங்கும் தொகை அதைவிடப் பல மடங்கு. அந்த இடைவெளிதான் லாபம். அதனால்தான் இந்த நிறுவனங்களுக்கு ஆண்டுதோறும் புதியவர்கள் தேவைப்பட்டார்கள்.

எந்த வாடிக்கையாளரின் வேலையிலும் இல்லாமல் சம்பளம் வாங்கிக்கொண்டு காத்திருப்பவர்களை 'பெஞ்ச்' என்பார்கள். நாளை புது ஆர்டர் வரும் என்று நம்பிக்கை இருக்கும்போது பெஞ்ச் ஒரு முதலீடு. ஆர்டர் வராது என்று தெரியும்போது அது வெறும் செலவு. ஒரு புதியவரைச் சேர்த்து மூன்று முதல் ஆறு மாதம் பயிற்சி தருவதும் இந்தக் கணக்கில்தான் அடங்கும். கெமிக்கல், மெக்கானிக்கல் படித்தவரைக்கூடச் சேர்த்துக்கொண்டு கோடு (கணினி நிரல்) எழுதக் கற்றுக்கொடுத்த காலம் ஒன்று இருந்ததே, அது இந்த நம்பிக்கையின் மீது நின்றது.

## 2021-க்குப் பிறகு என்ன நடந்தது

கொரோனா காலத்தில் உலகமே இணையத்துக்கு மாறியது. ஆர்டர்கள் குவிந்தன. 2021-22 நிதியாண்டில் டி.சி.எஸ். மட்டும் சுமார் ஒரு லட்சம் புதியவர்களைச் சேர்த்தது. இன்ஃபோசிஸ் 85,000 பேரை எடுத்தது. அந்த ஆண்டு முடித்த பல பிள்ளைகள் கையில் மூன்று நான்கு ஆஃபர் லெட்டர் வைத்திருந்தார்கள்.

பிறகு அமெரிக்காவில் வட்டி விகிதம் ஏறியது. அங்குள்ள நிறுவனங்கள் செலவைச் சுருக்கின. 2023-24-இல் இன்ஃபோசிஸ் சேர்த்த புதியவர்கள் 11,900 பேர்தான். டி.சி.எஸ்., இன்ஃபோசிஸ், விப்ரோ மூன்றிலும் சேர்த்து அந்த ஒரே ஆண்டில் ஊழியர் எண்ணிக்கை சுமார் 64,000 குறைந்தது. ஆஃபர் லெட்டர் கிடைத்தும் சேரும் தேதி வராமல் ஓராண்டு, இரண்டாண்டு காத்திருந்தவர்கள் உண்டு. 2023 பிப்ரவரியில் விப்ரோ, 6.5 லட்சம் ஆண்டுச் சம்பளத்துக்குத் தேர்வானவர்களிடம் 3.5 லட்சத்துக்குச் சேரச் சம்மதமா என்று கேட்டது. 2025 ஜூலையில் டி.சி.எஸ். தன் ஊழியர்களில் 2 சதவீதத்தை, அதாவது சுமார் 12,000 பேரை, குறைக்கப்போவதாக அறிவித்தது. அதில் அதிகம் பாதிக்கப்பட்டவர்கள் நடு, மேல் நிலைகளில் இருந்தவர்கள்.

இதே காலத்தில் ஏ.ஐ. கருவிகளும் வந்து சேர்ந்தன. 2022 நவம்பர் இறுதியில் சாட்ஜிபிடி வெளியானது. இளையவர்களிடம் பழகுவதற்காகக் கொடுக்கப்பட்ட சின்னச் சின்ன வேலைகள் பலவற்றை இப்போது கருவியே செய்கிறது.

ஆக, குறைந்தது 'சேர்த்துக்கொண்டு அப்புறம் கற்றுத்தருகிறோம்' என்ற வகை வேலை. கிடைக்கவில்லை என்று சொல்லப்படும் ஆள், வந்த சில வாரங்களில் இன்னொருவர் எழுதிய கோடைப் படித்து, அதில் ஒரு மாற்றத்தைப் பத்திரமாகச் செய்யக்கூடியவர். பயிற்சிச் செலவின் பெரும்பகுதி நிறுவனத்திடமிருந்து மாணவர் தலைக்கு மாறியிருக்கிறது. இது நியாயமா என்று கேட்டால், கல்லூரிகள் அந்த இடைவெளியை நிரப்பாத வரை நியாயம் இல்லை என்றே சொல்வேன். ஆனால் நிலவரம் இதுதான்.

சேர்ந்துவிட்டால் முடிந்தது என்றும் இல்லை. 2025 பிப்ரவரியில் இன்ஃபோசிஸின் மைசூரு பயிற்சி வளாகத்தில், மூன்று வாய்ப்புக்குப் பிறகும் உள் மதிப்பீட்டுத் தேர்வில் தேறவில்லை என்று 300-க்கும் மேற்பட்டோர் வெளியேற்றப்பட்டார்கள்.

## வாசலில் நிற்கும் வடிகட்டிகள்

வளாகத் தேர்வு பொதுவாக நான்கு கட்டமாக நடக்கும்.

1. மதிப்பெண் தகுதி. பத்தாம் வகுப்பிலிருந்து பட்டம் வரை 60 சதவீதம், நிலுவையில் அரியர் இருக்கக் கூடாது என்பது பரவலான நிபந்தனை. இதில் விழுபவர்கள் திறமை இருந்தும் உள்ளே போக முடிவதில்லை. அரியரை முதலில் முடியுங்கள் என்று சீனியர்கள் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

2. ஆன்லைன் தேர்வு. சதவீதம், வேகம்-தூரம், வேலை-நாள் கணக்குகள், தர்க்கப் புதிர்கள், ஆங்கிலப் பத்தி, அப்புறம் ஒன்றோ இரண்டோ கோடிங் கேள்வி. கணக்குகள் பெரும்பாலும் பள்ளிப் பாடம், சிக்கல் நேரத்தில்தான். இரண்டு மூன்று மாதம் தினம் ஒரு மணி நேரம் பயின்றால் கைவரும்.

3. தொழில்நுட்ப நேர்காணல். உண்மையான தேர்வு இங்கேதான்.

4. எச்.ஆர். நேர்காணல். பேச்சு, இடமாற்றச் சம்மதம், சான்றிதழ் சரிபார்ப்பு.

ஒரே நிறுவனத்துக்குள்ளும் படிகள் உண்டு. டி.சி.எஸ்.ஸின் தேர்வில் 'நிஞ்சா' நிலைக்கு ஆண்டுக்குச் சுமார் 3.36 லட்சம் என்றால், 'டிஜிட்டல்' நிலைக்கு அதைப் போல் இரு மடங்கு, ஏறக்குறைய 7 லட்சம். இரண்டுக்கும் ஒரே கல்லூரி, ஒரே வகுப்பு, ஒரே தேர்வு. கோடிங் பகுதியிலும் நேர்காணலிலும் காட்டும் ஆழம்தான் பிரிக்கிறது. 3 முதல் 3.6 லட்சம் என்ற தொடக்கச் சம்பளம் பத்தாண்டுக்கு மேலாக அசையவே இல்லை என்பதையும் சேர்த்துப் பார்த்தால், கீழ்ப்படியில் நுழைவதற்கும் ஒரு படி மேலே நுழைவதற்கும் குடும்பக் கணக்கில் எவ்வளவு வித்தியாசம் என்பது விளங்கும்.

## அடிப்படைத் திறன்கள்: ஒரு பால் சொசைட்டிக் கணக்கை வைத்து

திறன்களைப் பட்டியலாகப் போட்டால் எல்லாம் ஒரே எடையாகத் தெரியும். ஒரு வேலையை எடுத்துக்கொண்டு அதற்கு என்னென்ன தேவை என்று பார்த்தால் எது ஏன் வேண்டும் என்பது புரியும்.

ஊரில் ஒரு பால் உற்பத்தியாளர் கூட்டுறவு சங்கம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். உறுப்பினர்கள் காலையும் மாலையும் பால் ஊற்றுகிறார்கள். ஒவ்வொரு முறையும் லிட்டர், கொழுப்புச் சத்து, கொழுப்பு அல்லாத திடப்பொருள் மூன்றும் பார்த்து விலை போடுகிறார்கள். குறிப்பிட்ட நாளுக்கு ஒருமுறை பட்டுவாடா. இதற்கு ஒரு சின்ன மென்பொருள் எழுத வேண்டும்.

1. ஒரு நிரல்மொழி, ஆழமாக. பைத்தானோ ஜாவாவோ, எதுவானாலும் ஒன்று போதும். மாறி, நிபந்தனை, சுழற்சி, செயற்கூறு, பட்டியல், அகராதி (ஒரு பெயரையோ எண்ணையோ கொடுத்தால் அதற்குரிய தரவை நேரே எடுத்துத் தரும் அமைப்பு), கோப்பைத் திறந்து படிப்பது, தவறு வந்தால் கையாள்வது, இவை விரல் நுனியில் இருக்க வேண்டும். ஐந்து மொழியின் பெயரை ரெஸ்யூமேயில் போட்டுவிட்டு எதிலும் இருபது வரி தடையில்லாமல் எழுத முடியாமல் நிற்பவர்களை நேர்காணல் எடுப்பவர்கள் முதல் ஐந்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுகிறார்கள்.

ஆழம் என்றால் என்ன? பைத்தானில் 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டினால் 0.3 வராது, 0.30000000000000004 என்று வரும். கணினி பின்னங்களை இரும எண்ணில் வைத்திருப்பதால் வரும் சிறு பிசகு அது. பால் காசைக் கணக்கிடும் நிரலில் இப்படி ஒவ்வொரு வரியிலும் பிசகு சேர்ந்தால் பட்டுவாடா நாளில் மொத்தத் தொகை இடிக்கும். அதனால் பணத்தைப் பைசாவாக முழு எண்ணில் வைக்க வேண்டும், அல்லது அதற்கென்று உள்ள தசம வகையைப் பயன்படுத்த வேண்டும். இதை ஒருமுறை சொந்த நிரலில் பட்டுத் தெரிந்துகொண்டவர் எந்த நேர்காணலிலும் விளக்கிவிடுவார்.

2. தரவுத்தளமும், அதிலிருந்து தரவைக் கேட்டு எடுக்கும் மொழியான எஸ்.க்யூ.எல்.லும். உறுப்பினர் ஒரு அட்டவணை, பால் ஊற்றிய பதிவு இன்னொரு அட்டவணை, விலைப்பட்டியல் மூன்றாவது. இந்தப் பிரிப்பைச் சரியாகச் செய்வதுதான் பாதி வேலை. விலை மாறினால் என்ன செய்வது? விலைப்பட்டியலில் பழைய விலையை அழித்துப் புதிய விலையைப் போட்டால், போன மாதக் கணக்கும் சேர்ந்து மாறிவிடும். ஒவ்வொரு விலையும் எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை என்று சேர்த்து வைக்க வேண்டும். வங்கி வட்டியிலும் மின்கட்டணத்திலும் வருவது இதே சிக்கல்தான்.

இன்னொன்று. இந்த வாரம் பாலே ஊற்றாத உறுப்பினர் பெயரும் அறிக்கையில் வர வேண்டும், பூஜ்யம் என்று. இரண்டு அட்டவணையைச் சாதாரண ஜாயின் போட்டு இணைத்தால் அவர் பெயர் காணாமல் போய்விடும். முதல் அட்டவணையில் உள்ள யாரையும் விடாமல் வைத்துக்கொள்ளும் லெஃப்ட் ஜாயின் போட வேண்டும். தொழில்நுட்ப நேர்காணலில் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்வி இது. மனப்பாடம் செய்தவர் வரையறை சொல்வார். கணக்கு எழுதியவர் காரணம் சொல்வார். எந்தப் பணிக்குப் போனாலும் எஸ்.க்யூ.எல். தேவைப்படும் என்பதால், இத்தனை திறன்களில் உழைப்புக்கு அதிகப் பலன் தருவது இதுதான் என்பது என் கணிப்பு.

3. தரவுக் கட்டமைப்பு. 300 உறுப்பினர் பட்டியலில் ஒவ்வொருவரையும் மற்ற எல்லோருடனும் ஒப்பிட்டுப் பார்த்தால் 90,000 ஒப்பீடு. கணினி கண்ணிமைக்கும் நேரத்தில் முடித்துவிடும். மாநிலம் முழுக்க 3 லட்சம் உறுப்பினர் என்றால் அதே நிரல் 9,000 கோடி ஒப்பீடு செய்ய வேண்டும். அப்போது பட்டியலுக்குப் பதிலாக அகராதியைப் பயன்படுத்தினால் ஒரு தேடல் ஏறக்குறைய ஒரே படியில் முடியும். கோடிங் தேர்வில் வரும் புதிர்களின் அடியில் இருப்பது இந்த ஒரு சிந்தனைதான்: அளவு பெருகினால் என்ன ஆகும்?

4. கிட். கோடில் யார், எப்போது, என்ன மாற்றினார் என்று பதிந்து வைக்கும் கருவி. லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் 2005-இல் எழுதியது. அணியாக வேலை செய்யும் எந்த இடத்திலும் இது இல்லாமல் முதல் நாளே ஓடாது. கமிட் (மாற்றத்தைப் பதிவது), பிராஞ்ச் (தனிக் கிளையில் வேலை செய்வது), மெர்ஜ் (கிளைகளை இணைப்பது), இணைக்கும்போது மோதல் வந்தால் தீர்ப்பது, இவ்வளவு தெரிந்தால் தொடங்கிவிடலாம். ஒரு வார வேலை.

5. லினக்ஸ் கட்டளைகளும் வலை அடிப்படையும். சர்வர்களில் பெரும்பாலானவை லினக்ஸில் ஓடுகின்றன. கறுப்புத் திரையில் கோப்புகளைத் தேடவும், லாகில் (சர்வர் எழுதிவைக்கும் நிகழ்வுப் பதிவில்) ஒரு சொல்லை கிரெப் என்ற தேடல் கட்டளை போட்டு எடுக்கவும் தெரிய வேண்டும். உலாவியில் முகவரியைத் தட்டியதும் என்ன நடக்கிறது என்று வரிசையாகச் சொல்லத் தெரிய வேண்டும்: டி.என்.எஸ். பெயரை எண்ணாக மாற்றுகிறது, இணைப்பு ஏற்படுகிறது, பாதுகாப்புப் பூட்டு போடப்படுகிறது, கேள்வி போகிறது, பதில் வருகிறது. 404 என்றால் கேட்ட பக்கம் இல்லை, 403 என்றால் அனுமதி இல்லை, 500 என்றால் சர்வர் பக்கம் கோளாறு.

6. கேட்டுத் தெரிந்துகொள்வது. ஒரு உறுப்பினர் ஒரே வேளையில் இரண்டு முறை பதிவாகக் கூடாது என்று நிரலில் தடை போடுகிறோம். சரியாகத்தான் தெரிகிறது. ஆனால் பசும்பால் ஒரு கேன், எருமைப்பால் ஒரு கேன் என்று ஒருவரே இரண்டு கொண்டுவந்தால்? சொசைட்டியில் எழுதுபவரிடம் உட்கார்ந்து கேட்காமல் இது தெரியாது. மென்பொருள் வேலையில் பாதித் தவறுகள் கோடில் இல்லை; கேட்காமல் விட்ட கேள்வியில் இருக்கின்றன.

இறுதியாண்டு புராஜெக்ட்டை நகரத்துப் புராஜெக்ட் சென்டர்களில் காசு கொடுத்து வாங்கும் பழக்கம் நம் மாநிலத்தில் பரவலாக இருக்கிறது. இந்தப் பழக்கம் பிள்ளைகளுக்குச் செய்யும் கேடு மிகப் பெரிது. நேர்காணலில் அதிக நேரம் பேசப்படுவது அந்த ஒரு புராஜெக்ட்டைப் பற்றித்தான். "ஏன் இந்த அட்டவணையை இப்படிப் பிரித்தீர்கள்?" என்ற ஒரு கேள்விக்கு வாங்கிய புராஜெக்ட்டில் பதில் இருக்காது.

## பிழையைத் தேடிப் பிடிப்பது

கல்லூரிப் பாடத்திட்டத்தில் இதற்கென்று பெரும்பாலும் ஒரு தாள் கிடையாது. வேலையில் சேர்ந்தவுடன் அதிக நேரம் போவது இதில்தான். புதிதாக எழுதுவதைவிட, ஏற்கெனவே ஓடிக்கொண்டிருப்பது ஏன் நின்றது என்று கண்டுபிடிப்பதே இளையவர்களின் அன்றாட வேலை.

இதற்கு ஒரு ஒழுங்கு இருக்கிறது:

1. பிழைச் செய்தியை முழுமையாகப் படியுங்கள். பைத்தானில் கடைசி வரியில்தான் என்ன பிழை என்று இருக்கும். அங்கிருந்து மேலே போக வேண்டும். பலர் சிவப்பு எழுத்தைக் கண்டதும் திரையை மூடிவிடுகிறார்கள்.
2. பிழையை மறுபடி வரவழையுங்கள். எந்த உள்ளீட்டுக்கு வருகிறது, எதற்கு வரவில்லை?
3. பாதி பாதியாகக் குறுக்குங்கள். முதல் பாதி சரியா, இரண்டாம் பாதியா?
4. ஒரு ஊகம், ஒரு மாற்றம், ஒரு சோதனை. ஒரே சமயத்தில் நான்கு இடத்தை மாற்றினால் எது சரிசெய்தது என்று தெரியாது.
5. சரியான பிறகு காரணத்தை இரண்டு வரியில் எழுதிவையுங்கள்.

இதைப் பழக வகுப்பு தேவையில்லை. நண்பரின் நிரலில் அவர் வேண்டுமென்றே ஒரு தவறு வைக்கட்டும், நீங்கள் கண்டுபிடியுங்கள். நிரல்களைப் பகிரும் தளமான கிட்ஹப்பில் யாரோ எழுதிய சின்ன நிரல் ஒன்றை இறக்கி உங்கள் கணினியில் ஓடவையுங்கள். முதல் முறை ஓடாது. ஏன் ஓடவில்லை என்று தேடும் அந்தச் சாயங்காலம் பத்து வீடியோ பார்ப்பதைவிட அதிகம் கற்றுத்தரும்.

## ஏ.ஐ. கோடு எழுதும்போது நான் ஏன் படிக்க வேண்டும்?

நேர்மையான கேள்வி. கருவி எழுதித் தருவது பெரும்பாலும் ஓடும். ஆபத்து எங்கே என்றால், ஓடுகிற தவறான கோடில். மேலே சொன்ன பால் கணக்கில் பழைய விலை அழிந்துபோகும் பிழையை எடுத்துக்கொள்ளுங்கள்: நிரல் நிற்காது, சிவப்பு எழுத்து வராது, தொகை மட்டும் தப்பாக வரும். அதைப் பார்த்ததும் சந்தேகப்பட ஒரு மனிதர் வேண்டும்.

இன்னும் இரண்டு நடைமுறைச் சிக்கல்கள். சில சமயம் இந்தக் கருவிகள் இல்லாத நூலகப் பொதிகளின் (பிறர் எழுதிவைத்த, நாம் இறக்கிப் பயன்படுத்தும் ஆயத்தக் கோடுகளின்) பெயரைக் கற்பனையாகச் சொல்லிவிடும். அந்தப் பெயரிலேயே தீங்கான பொதியை இணையத்தில் ஏற்றிவைத்துக் காத்திருக்கும் மோசடி முறையும் இருக்கிறது. அடுத்து, பயனர் தட்டும் எழுத்தை அப்படியே எஸ்.க்யூ.எல். கட்டளையில் சேர்த்துவிடும் கோடு. தேடல் பெட்டியில் குறிப்பிட்ட குறிகளைத் தட்டினாலே முழு உறுப்பினர் பட்டியலும் வெளியே வந்துவிடும். பழைய பலவீனம்தான், கருவி எழுதும் கோடிலும் வந்துவிடுகிறது.

புதியவர் கருவியைத் தொடவே கூடாது என்பது என் வாதம் இல்லை. நிறுவனங்கள் அதைப் பயன்படுத்தத் தெரிந்தவரைத்தான் விரும்புகின்றன. ஆனால் கற்கும் காலத்தில் வரிசை முக்கியம். முதலில் நீங்களே முயலுங்கள். மாட்டிக்கொண்டால் விடையைக் கேட்காமல் விளக்கத்தைக் கேளுங்கள். கருவி எழுதிய கோடில் விளக்க முடியாத வரி ஒன்றுகூட உங்கள் புராஜெக்ட்டில் இருக்கக் கூடாது.

## ஆங்கிலம்

தமிழ்வழியில் படித்து வரும் பிள்ளைகள் இதை நினைத்துத்தான் அதிகம் பயப்படுகிறார்கள். பயத்தின் அளவுக்குச் சிக்கல் பெரிதில்லை. தொழில்நுட்ப ஆவணங்களில் வரும் ஆங்கிலம் குறுகிய வட்டத்துக்குள் இருப்பது. சில நூறு சொற்கள் திரும்பத் திரும்ப வரும். தினம் இரண்டு பக்கம் மூல ஆவணத்தைப் படித்தால் சில மாதத்தில் பழகிவிடும்.

அலுவலகத்தில் தேவைப்படுவது தெளிவு. "வேலை நடக்கிறது" என்று சொல்வது தகவலே இல்லை. "அறிக்கைப் பக்கம் முடிந்தது, பதிவிறக்கம் பெரிய கோப்புக்கு நின்றுவிடுகிறது, காரணத்தைத் தேடுகிறேன், மாலை 4 மணிக்குள் சொல்கிறேன்" என்பது தகவல். இந்த நான்கு துண்டையும் முதலில் தமிழில் யோசித்து, பிறகு எளிய ஆங்கிலத்தில் எழுதிப் பழகலாம். தமிழில் தெளிவாக விளக்க முடியாத ஒன்றை ஆங்கிலத்திலும் விளக்க முடியாது. உங்கள் புராஜெக்ட்டை இரண்டு நிமிடத்தில் சொல்லி அலைபேசியில் பதிவு செய்து கேளுங்கள். உச்சரிப்பைப் பற்றிக் கவலை வேண்டாம்.

## கோடு எழுதாத வாசல்கள்

சோதனை, தொழில்நுட்ப ஆதரவு, கிளவுட் இயக்கம், தரவுப் பகுப்பாய்வு, பாதுகாப்புக் கண்காணிப்பு என்று வேறு வாசல்கள் உண்டு. 'சப்போர்ட் வேலையா?' என்று முகம் சுளிப்பது தேவையற்றது. வாடிக்கையாளரின் புகாரிலிருந்து கோளாறின் மூலத்தைத் தேடிப் போகும் அந்த வேலையில் ஓராண்டு இருந்தவர், ஒரு மென்பொருள் முழுதாக எப்படி இயங்குகிறது என்று தெரிந்துவைத்திருப்பார். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: அந்த ஓராண்டில் எஸ்.க்யூ.எல்., லினக்ஸ், கொஞ்சம் ஸ்கிரிப்ட் எழுதுவது இவற்றைக் கற்காமல் இருந்துவிட்டால் அங்கேயே தங்கிவிட நேரும்.

## பொறியியல் படிக்காதவர்களுக்கு

- சோஹோ ஸ்கூல்ஸ்: பன்னிரண்டாம் வகுப்பு அல்லது டிப்ளமோ முடித்தவர்களுக்கு இரண்டாண்டுப் பயிற்சி. கட்டணம் இல்லை; மாத உதவித்தொகை உண்டு. சென்னையிலும் தென்காசிப் பக்கத்திலும் நடக்கிறது.
- எச்.சி.எல். டெக்பீ: பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர்களுக்குப் பயிற்சி, பிறகு வேலை. வேலையோடு சாஸ்திரா போன்ற பல்கலைக்கழகங்களில் பட்டமும் படிக்கலாம்.
- ஐ.ஐ.டி. மெட்ராஸின் ஆன்லைன் பி.எஸ். படிப்பு: 2020-இல் தொடங்கியது. ஜே.இ.இ. தேவையில்லை, நான்கு வாரப் பாடம் படித்து அதன் மீதான தகுதித் தேர்வில் தேற வேண்டும். குடும்ப வருமானத்தைப் பொறுத்துக் கட்டணச் சலுகை உண்டு. வேறு கல்லூரியில் படித்துக்கொண்டே சேர்பவர்களும் இருக்கிறார்கள்.
- நான் முதல்வன்: தமிழக அரசு 2022 மார்ச் 1-இல் தொடங்கிய திட்டம். கல்லூரிப் பாடத்தோடு திறன் பயிற்சிகளும் வருகின்றன. மதிப்பெண்ணுக்காக மட்டும் முடித்துவிட்டுப் போகாமல், அதில் ஒன்றையாவது உண்மையாகச் செய்து பார்க்க வேண்டும்.
- தேசிய தொழிற்பழகுநர் திட்டம்: பட்டமோ டிப்ளமோ முடித்தவர்களுக்கு ஓராண்டுப் பயிற்சி, உதவித்தொகையுடன். தென் மண்டலத்துக்கான வாரியம் சென்னை தரமணியில் இருக்கிறது.

ஐ.ஐ.டி.கள் சேர்ந்து இணையத்தில் நடத்தும் என்.பி.டி.இ.எல். பாடங்கள் எல்லோருக்கும் திறந்தவை. பார்க்கக் கட்டணம் இல்லை. சான்றிதழ்த் தேர்வுக்கு மட்டும் பணம் கட்டினால் போதும்.

## சான்றிதழ், போலி அனுபவம், பணம் கேட்பவர்கள்

வருகைச் சான்றிதழுக்கு நேர்காணலில் மதிப்பில்லை. கண்காணிப்புடன் நடக்கும் தேர்வில் தேறி வாங்கிய சான்றிதழுக்கு ஓரளவு மதிப்பு உண்டு. அதுவும் அதைப் பற்றிக் கேட்டால் பதில் சொல்ல முடிந்தால்தான்.

வேலை கிடைக்காத விரக்தியில் பலர் விழும் குழி ஒன்று இருக்கிறது: 'மூன்று வருட அனுபவம்' என்று போலிச் சான்று தயார் செய்து தருகிறோம் என்பவர்கள். நிறுவனங்கள் இப்போது வருங்கால வைப்புநிதிக் கணக்கின் யு.ஏ.என். (ஒவ்வொரு ஊழியருக்கும் உரிய நிரந்தர எண்) பதிவைப் பார்த்து, எங்கே எத்தனை மாதம் வேலை செய்தார் என்று சரிபார்க்கின்றன. போலி என்று தெரிந்தால், சேர்ந்து ஓராண்டு ஆன பிறகும் வெளியேற்றுவார்கள்.

'பேக்டோர்' வேலைக்கு லட்சங்கள் கேட்பவர்கள், லேப்டாப் டெபாசிட் கேட்பவர்கள், அசல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொள்பவர்கள், எல்லோரையும் தவிர்க்க வேண்டும். ஒழுங்கான நிறுவனம் எதுவும் ஆள் எடுக்கப் பணம் வாங்குவதில்லை. வெளிநாட்டு வேலை என்றால் இன்னும் கவனம் தேவை. தாய்லாந்தில் டேட்டா என்ட்ரி, டிஜிட்டல் மார்க்கெட்டிங் வேலை என்று அழைத்துப் போகப்பட்ட தமிழ் இளைஞர்கள் மியான்மர் எல்லைக்குக் கடத்தப்பட்டு, இணைய மோசடி செய்யக் கட்டாயப்படுத்தப்பட்டு, 2022-இல் மீட்கப்பட்டு ஊர் திரும்பினார்கள். கம்போடியாவிலும் லாவோஸிலும் இதே கதை நடந்திருக்கிறது. அழைப்பவரின் பெயர், மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் உள்ள பதிவு பெற்ற முகவர் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். சுற்றுலா விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் பயணத்தை அங்கேயே நிறுத்திவிடுங்கள்.